பூட்டியும் வீட்டுச் சாமியும்

உறவுப் பெயர்களுக்குத் தமிழில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. தந்தையைப் பெற்றவன் பாட்டன். பாட்டனைப் பெற்றவன் பூட்டன். அவனுக்கும் மேலே ஓட்டன். கீழே இறங்கினால் மகன், பேரன், கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன். 'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ என்பதும், பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் ஆதலால் அப்பெயர் பெற்றான் என்பதும் தமிழ் பயிலும் நம் அனைவருக்கும் தெரிந்தவை. இன்னும் மேலே சேயோன், பரன் என்று ஏழு தலைமுறைக்குப் பெயர் அடுக்கி, 'பரம்பரை' என்ற சொல்லே அந்தப் பரனிலிருந்து வந்தது என்று மேடையில் முழங்குவோரும் உண்டு. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பரம்பரை என்பது வடசொல். அந்த விளக்கத்தை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ஏட்டில் ஏழு தலைமுறை இருக்கலாம். நடைமுறையில் நம் முன்னோர் கணக்கை மூன்றோடு நிறுத்திக்கொண்டனர். நீத்தாருக்குப் பிண்டம் வைக்கும் சடங்கில் தந்தை, பாட்டன், பூட்டன் என மூவரையே பெயர் சொல்லி அழைக்கின்றனர். மிதாட்சர முறையில் அமைந்த பழைய இந்துச் சட்டத்தில் பிறப்பால் வரும் சொத்துரிமை மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்ற அளவில் நின்றது. சடங்கும் சட்டமும் ஒரே இடத்தில் கோடு கிழித்தது தற்செயலன்று என்று நினைக்கிறேன். அந்தக் கோட்டின்மேல் நிற்கும் ஆளைப் பற்றியதே இக்கட்டுரை.

எங்கள் வீட்டில் அந்த ஆள் இன்றும் இருக்கிறார். என் தந்தையின் தந்தையைப் பெற்றெடுத்த தாய். நூல் வழக்கில் பூட்டி அல்லது கொள்ளுப்பாட்டி. எங்கள் வீட்டு வழக்கில் 'பெரியப்பத்தா'. அப்பாவின் தாயை அப்பத்தா என்று அழைப்பது எங்கள் பக்கத்து மரபு. அந்த அப்பத்தாவுக்கும் மாமியார் ஆகையால் இவர் பெரியப்பத்தா. இந்த ஆண்டு நாட்டுப்புறவியல் தாளுக்காகக் களப்பணி செய்துவருமாறு பேராசிரியர்கள் பணித்தபோது, தோழியர் திருவிழா என்றும் தெம்மாங்கு என்றும் விடுகதை என்றும் ஊர் ஊராகத் தேடிச் சென்றனர். நான் எங்கும் செல்லவில்லை. வத்தலக்குண்டுக் கடைத்தெருவிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள எங்கள் ஓட்டு வீட்டின் திண்ணையில், நான்கு மாதம் வெள்ளிக்கிழமை மாலைகளில் பெரியப்பத்தாவின் பக்கத்தில் குறிப்பேட்டுடன் அமர்ந்தேன்.

முதலில் வயது. அவருடைய வயது யாருக்கும் திட்டமாகத் தெரியாது. ஆதார் அட்டையில் ஜனவரி முதல் தேதி என்று இருக்கிறது. பிறந்த நாள் தெரியாத முதியோர் பலர் நம் நாட்டில் ஜனவரி முதல் தேதியில் பிறந்தவர்களே! அவரைக் கேட்டால், "வைகை டேமைத் தொறந்தப்ப ஒங்க தாத்தன் நட பழகிட்டிருந்தான்" என்பார். வைகை அணை திறக்கப்பட்டது 1959 ஜனவரியில். எனவே தாத்தா பிறந்தது 1957-இன் கடைசியாக இருக்க வேண்டும். மணமாகி இரண்டாம் வருடம் பிள்ளை பெற்றதாகச் சொல்கிறார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவர் பிறப்பு 1940-ஐ ஒட்டியும், திருமணம் 1955-ஐ ஒட்டியும் வருகின்றன. பெண்ணின் மண வயதை 14 என்று வைத்தது 1929-ஆம் ஆண்டுச் சட்டம். 1949-இல் அது 15 ஆயிற்று. 18 ஆனது 1978-இல்தான். ஆகவே பெரியப்பத்தாவின் திருமணம் சட்டத்துக்கு உட்பட்டதே. சட்டம் ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது என்பது வேறு செய்தி.

பூட்டி ஆவதற்கு மூன்று பிறப்புகளின் இடைவெளியைக் கூட்ட வேண்டும். அவருடைய 17-ஆம் வயதில் தாத்தா. தாத்தாவின் 22-ஆம் வயதில் என் தந்தை. தந்தையின் 26-ஆம் வயதில் நான். மொத்தம் 65. ஒவ்வொரு தலைமுறையும் 28 வயதில் பிள்ளை பெறுவதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 84 ஆகிவிடுகிறது. 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு படிக்கும் என் போன்றோர், படிப்பு முடித்து, வேலைக்குச் சென்று, அதன்பின் தாயாகி, நம் மக்களும் அவ்வாறே செய்வார்களானால், நம்மில் பலர் பேரனைக் காண்போம். கொள்ளுப்பேரனைக் காண்பது ஐயமே. இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. பதினைந்து வயதில் தாலி கட்டிக்கொள்வதை விட இது ஆயிரம் மடங்கு மேல். கணக்கைக் கணக்காகச் சொல்லிவைக்கிறேன், அவ்வளவே.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்நாளில் இளம் வயதில் மணம் நடந்தும் பூட்டன் பூட்டியர் வீடுதோறும் இருந்துவிடவில்லை. எங்கள் ஊரில் பிறந்த பெரியோரையே எடுத்துக்கொள்ளலாம். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் அய்யர் 1872-இல் வத்தலக்குண்டில் பிறந்து 1898-இல் மறைந்தார்; வயது 26. சுப்பிரமணிய சிவா 1884-இல் பிறந்து 1925-இல் மறைந்தார், வயது 40. அடுத்த தலைமுறையைச் சேர்ந்த பி. எஸ். ராமையா 78 வயது வரையிலும், இவ்வூரில் வளர்ந்த சி. சு. செல்லப்பா 86 வயது வரையிலும் வாழ்ந்தனர். நான்கு பேரை வைத்து ஒரு நாட்டின் ஆயுளைக் கணித்துவிட முடியாது என்பதை அறிவேன். ஆயினும் 1941 முதல் 1951 வரையிலான பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு என்பதும், இன்று ஏறக்குறைய 70 என்பதும் புள்ளிவிவரம் சொல்லும் உண்மை. அந்த 32 என்பது எல்லோரும் 32-இல் இறந்தார்கள் என்று பொருள்படாது. தொட்டிலிலும் பள்ளிப் பருவத்திலும் இறந்த பிள்ளைகள் சராசரியைக் கீழே இழுத்தனர். இந்த வாக்கியத்தைப் படிப்போர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அப்படி ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஆக, முன்னோரின் இளவயது மணமும் பின்னோரின் மருத்துவமும் ஒரு தலைமுறையில் வந்து சந்தித்ததன் பயன் எங்கள் பெரியப்பத்தா. கணவர் பத்து வயது மூத்தவராகவே பெரும்பாலும் இருந்தமையால், நம் வீடுகளில் மிஞ்சியிருப்போர் பூட்டன்மார் அல்லர், பூட்டிமாரே. வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். பூட்டி உள்ள வீடுகள் கைவிட்டு எண்ணும் அளவே. பூட்டன் உள்ள வீடு ஒன்றே ஒன்று. அது ஒரு கிறித்துவத் தோழியின் வீடு. அவளுடைய பூட்டனார் இரவு செபமாலை சொல்லி முடிக்காமல் யாரையும் சாப்பிட விடமாட்டாராம்!

பெரியப்பத்தாவின் நாள் அதிகாலை நான்கரை மணிக்குத் தொடங்குகிறது. வாசல் தெளிப்பதும் கோலமிடுவதும் இப்போது என் தாயின் வேலை. ஆனால் தெளித்துவிட்டார்களா என்று கதவைத் திறந்து பார்ப்பது பெரியப்பத்தாவின் வேலை. பிறகு கிழக்குப் பார்த்து நின்று ஒரு கும்பிடு. நெற்றியில் திருநீறு. வெறும் காபி. எட்டு மணிக்குமேல் வெற்றிலை. வெற்றிலைக்குண்டு என்பதே வத்தலக்குண்டு ஆயிற்று என்று ஊரில் சொல்வதுண்டு. அப்படிப்பட்ட ஊரில் வெற்றிலையின்றி ஒரு கிழவி இருக்க முடியுமா? பல் போய்விட்டதால் சிறு இரும்புரலில் வைத்து இடிக்கிறார். 'டொக், டொக்' என்ற அந்த ஓசை நின்றுபோனால் அடுப்படியில் இருக்கும் அப்பத்தா எட்டிப் பார்ப்பார். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் ஒருவர் நலத்தை இன்னொருவர் விசாரிக்கும் முறை இதுதான்.

பகலில் அவர் சும்மா இருப்பதில்லை. மொச்சை உரிப்பார், கீரை ஆய்வார், பெரியப்பா மகனின் ஆறு மாதக் குழந்தையைக் கால்நீட்டிப் படுக்கவைத்து எண்ணெய் தேய்ப்பார். அக்குழந்தைக்கும் அவருக்கும் இடையில் மூன்று தலைமுறை இருக்கின்றன; அவருக்கு அது எள்ளுப்பேரன். கோடு கிழித்த இடத்தையும் தாண்டிவிட்டார் என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். "தாண்டி என்னத்த, இன்னும் மோட்டு வளையத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்" என்றார். முதியோரைப் பராமரிப்பது பற்றி 2007-இல் வந்த மத்தியச் சட்டம், கடமைப்பட்ட பிள்ளைகள் யார் என்று கூறுமிடத்தில் மகன், மகள், பேரன், பேத்தி என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. கொள்ளுப்பேத்தியான எனக்குச் சட்டப்படி கடமை ஏதுமில்லை. எனினும் இரவில் அவரைக் கைப்பிடித்துக் கொல்லைக்கு அழைத்துச் செல்லும் முறை என்னுடையதே.

அவருடைய பக்தியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், எது குடும்பம், எது பக்தி என்று பிரித்து எழுத முடியாமல் நான் பலமுறை தாளைக் கிழித்துப் போட்டதுண்டு. செவ்வாய், வெள்ளியில் விளக்கு. அமாவாசையில் காக்கைக்குச் சோறு வைக்காமல் யாரும் சாப்பிடக் கூடாது. தை மாதத்தில் பழனிக்கு நடந்து செல்வோர் எங்கள் சாலையில் போகும்போது ஒரு குடம் மோராவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெளியூர் சென்று திரும்பும் குழந்தைக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட வேண்டும். யாருக்கேனும் காய்ச்சல் என்றால் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்தின்முன் வைத்துவிட்டு, உடனே மருத்துவமனைக்கு விரட்டுவார். "ஊசியும் போட்டுக்க, துண்ணூறும் பூசிக்க" என்பது அவர் கொள்கை. படிப்பறிவில்லாத ஒரு முதியவரிடம் இத்தனை உறுதியாக ஊசி முதலிலும் திருநீறு இரண்டாவதிலும் எப்படி வந்தன என்று வியந்திருக்கிறேன். அதற்கு விடை கடைசி மாதத்தில்தான் கிடைத்தது.

குலதெய்வ வழிபாட்டைப் பற்றி ஆராய்ந்தோர் அது தந்தைவழியில் வருவது என்று எழுதுகின்றனர். உண்மைதான். மாசிச் சிவராத்திரிக்குப் பங்காளிகள் அனைவரும் மலையடிவாரத்துக் கோயிலில் கூடுகிறோம்; பிள்ளைகளுக்கு முதல் முடியிறக்குவதும், தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவதும் அங்கேதான். வரியும் தலைக்கட்டும் ஆண்களின் கணக்கு. ஆனால் எந்தப் பானையில் பொங்க வேண்டும், படையலில் எந்தக் காய் ஆகாது, எந்தச் சாமிக்கு எண்ணெய், எந்தச் சாமிக்கு நெய் என்பவற்றை ஒவ்வோர் ஆண்டும் தாத்தாவே திரும்பிப் பார்த்துக் கேட்பது பெரியப்பத்தாவைத்தான். அவரோ அந்தக் குலத்தில் பிறந்தவர் அல்லர். கம்பம் பக்கத்திலிருந்து பதினைந்து வயதில் வண்டியேறி வந்தவர். பிறந்த வீட்டுச் சாமியைத் தாலி ஏறியதும் விட்டுவிட்டு, புகுந்த வீட்டுச் சாமியை மாமியாரிடம் பாடம் கேட்டவர். ஆண்வழியில் வரும் தெய்வத்தின் முறைமைகள் அத்தனையும் வெளியிலிருந்து வந்த பெண்களின் வாய்வழியே கைமாறுகின்றன! இதை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. எங்கள் அடுப்படியில் கண்டேன். பிறந்த வீட்டுச் சாமியை அவர் அடியோடு விட்டுவிடவும் இல்லை. சுருளிக்கு ஆடி அமாவாசையில் யார் சென்றாலும், வழியில் அந்தக் கோயில் உண்டியலில் போடச் சொல்லி ஐந்து ரூபாய் கொடுத்தனுப்புவார்.

குலதெய்வம் ஊருக்கு வெளியே இருப்பது. வீட்டுக்குள்ளே இன்னொரு சாமி உண்டு. எங்கள் வீட்டின் கன்னி மூலையில், உத்தரத்திலிருந்து ஓர் ஓலைப்பெட்டி தொங்குகிறது. அதனுள் ஒரு பாவாடை, ஒரு சட்டை, கண்ணாடி வளையல், சாந்துப் பொட்டு, ஒரு சீப்பு. ஆண்டுக்கொரு முறை இறக்கி, பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுத்துணி வைத்து, பச்சரிசி மாவும் பானகமும் படைத்துக் கும்பிடுவோம். மணமாகாமல் இளவயதில் இறந்த பெண்ணை வீட்டுத் தெய்வமாக வணங்கும் இவ்வழக்கம் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் உள்ளது. என் தந்தை அந்தப் பெட்டியின்முன் நெடுஞ்சாண்கிடையாக விழுவார். நானும் சிறுவயதில் அதன் அடியில் செல்லவே அஞ்சுவேன். 'அம்மன் பெட்டி' என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அந்த அம்மன் யார் என்று பெரியப்பத்தாவிடம் கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. இரும்புரலைத் துடைத்து ஓரமாக வைத்தார். பிறகு, "அவ பல்லாங்குழியில கள்ளாட்டம் ஆடுவா" என்றார்.

அவள் அவருடைய நாத்தனார். என் பூட்டனாரின் கடைசித் தங்கை. மணப்பெண்ணாக இவர் வந்தபோது அவளுக்குப் பத்து வயது, இவருக்குப் பதினைந்து. புது இடத்தில் பேசுவதற்கு ஆளின்றி அழுதுகொண்டிருந்தவரிடம் புளியங்கொட்டைகளைக் கொண்டுவந்து கொட்டி, ஆட வா என்று கூப்பிட்டவள் அவள். இரண்டாண்டு சென்றது. 1957-ஆம் ஆண்டுக் கோடை. தாத்தா அப்போது வயிற்றில். ஊரில் பெரியம்மை பரவியது. அம்மை குத்துபவர் தெருத்தெருவாக வந்தார். பெரியப்பத்தாவுக்குப் பிறந்த ஊரிலேயே குத்தியிருந்தது. கையில் அந்த வட்டத் தழும்புகள் இன்றும் இருக்கின்றன. திருகாணி போன்ற கருவியைத் தோலில் வைத்துத் திருகுவார்களாம்.

"அம்மை குத்துறவரு வந்துட்டாருன்னு சத்தங் கேட்டதும் அவ குலுக்கைக்குள்ள எறங்கி ஒக்காந்துட்டா. எங்கடி அவன்னு அத்தை கேட்டாக. நான் தெரியாதுன்னுட்டேன். பயந்த புள்ள தாயி, காட்டிக்குடுக்க மனசு வல்ல."

பத்து நாளோ பன்னிரண்டு நாளோ கழித்து அவளுக்கு அம்மை கண்டது. பிள்ளைத்தாய்ச்சி ஆகையால் இவரைப் பக்கத்தில் விடவில்லை. நடுவீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் இவர். அந்தப் பக்கம் வேப்பிலைப் படுக்கையில் அவள். சுவரைத் தட்டினால் அவளும் திருப்பித் தட்டுவாளாம். ஒரு நாள் விடியலில் தட்டவில்லை.

ஊரார் அவளை அம்மன் கொண்டுபோனாள் என்றனர். மறு வருடம் மாமியாரின் கனவில் வந்து துணி கேட்டாள், பெட்டி வைத்தார்கள். கனவைக் குறித்து வாதிட நான் முனையவில்லை. பெரியப்பத்தாவே அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. "அத்தைக்குச் சொப்பனம் வந்துச்சு, எனக்கு வரவேயில்ல" என்றதோடு சரி. ஆனால் அதன்பின் அந்த வீட்டில் பிறந்த ஒரு குழந்தைகூட ஊசிக்குத் தப்பியதில்லை. தாத்தா முதல் இந்த ஆறு மாதக் குழந்தை வரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் போடும் தடுப்பூசிக்கு நாள் தவறாமல் நினைவூட்டுபவர் அவரே. இந்தியாவில் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1977-இல் அறிவித்தார்கள். உலகில் ஒழிந்ததாக 1980-இல் அறிவித்தார்கள். இச்செய்தியை அவரிடம் சொன்னபோது, வருடத்தை மட்டும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். விரல்விட்டு எண்ணினார். இருபது வருடம் என்றார்.

இப்போது அந்தத் துணியைப் பற்றி ஒரு செய்தி. கண்பார்வை மங்கி அவர் கடைக்குப் போவது நின்றபின், ஓராண்டு என் தந்தை நல்ல பட்டுச் சேலையாக வாங்கி வந்துவிட்டார். அம்மனுக்குச் சேலைதானே சாத்துவது வழக்கம்? பெரியப்பத்தா அதைத் தொடவில்லை. "அவளுக்கு ஏதுடா சேல கட்டுற வயசு?" என்றாராம். மீண்டும் கடைக்குச் சென்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குரிய பாவாடை சட்டை வாங்கி வந்தனர். அன்று அது எனக்கு ஒரு கிழவியின் பிடிவாதமாகத் தோன்றியது. இன்று இக்கட்டுரையின் கருத்து முழுவதும் அதில் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. தந்தைக்கு அது அம்மன். அவருக்கு அது பிள்ளை. ஒரே பெட்டியின்முன் இருவரும் கைகூப்புகிறார்கள். இருவர் வணங்குவதும் வெவ்வேறு.

திருக்குறள், இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை எண்ணும்போது தென்புலத்தாரை முதலிலும் தெய்வத்தை அடுத்தும் வைக்கிறது. பரிமேலழகர் தென்புலத்தார் என்போரைப் படைப்புக் காலத்திலே அயனால் படைக்கப்பட்ட ஒரு கடவுட் சாதி என்று உரைத்தார். பேருரையாசிரியரை மறுக்க நான் யார்? ஆனால் எங்கள் வீட்டுத் தென்புலத்தாருள் ஒருத்தி குலுக்கைக்குள் ஒளிந்தவள் என்பதைத் தெரிந்துகொண்டபின் அவ்வுரை எனக்கு நிறைவு தரவில்லை. இறந்தவர் தெய்வமாவது ஒரே நாளில் நடப்பதன்று. அவரை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறையக் குறைய நடப்பது. சப்பானியர் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கின்றனர். இறந்தவருக்கு ஆண்டுதோறும் செய்யும் கடன்களை 33-ஆம் ஆண்டில், சில ஊர்களில் 50-ஆம் ஆண்டில், முடித்துவிடுவர். அதன்பின் அவர் தம் தனிப்பெயரை இழந்து, பொதுவாக 'முன்னோர்' என்பதில் கலந்துவிடுகிறார். அந்நாட்டு நாட்டார் வழக்காற்று அறிஞர் யானகிதா குனியோ 1946-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்குகிறார். சப்பானியர் சடங்கால் செய்வதை நம் வீடுகளில் பூட்டியின் சாவு செய்கிறது. அறிந்தவர் ஒருவர் இருக்கும்வரை அவள் பிள்ளை. அதன்பின் சேலை கட்டும் அம்மன்.

கல்லில் எழுதிவைத்தால் நிலைக்காதா என்று கேட்கலாம். எங்கள் ஊருக்கு அருகே, வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்களுள் மிகப் பழமையானவை. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்தலில் மாண்ட ஒருவனின் பெயரைச் சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் அந்தவன் என்ற பெயர் இருக்கிறது. அவன் விளையாட்டில் கள்ளாட்டம் ஆடுவானா என்பதைக் கல் சொல்லவில்லை.

இனி, என்னைச் சார்ந்த ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். பெட்டியின் வரலாற்றை அப்பத்தா அறிவார். என் தாயும் ஓரளவு அறிவார். வீட்டுக்கு வந்த மருமகள்கள் ஆதலால் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. என் அத்தைமார் மூவருக்கும் தெரியாது. வீட்டுச் சாமியை வீட்டுப் பெண்ணுக்குச் சொல்வதில்லை. இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். நான் முதல் மாதம் கேட்டபோதே, "நீ போறவ, ஒனக்கெதுக்கு?" என்று தட்டிவிட்டார். எனக்குச் சிறிது சினம்தான் வந்தது. குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் செய்தது; 2005-இல் நாடு முழுமைக்கும் அது வந்தது. வீட்டில் பங்கு உண்டு, வீட்டுச் சாமியில் பங்கு இல்லையா? கேட்டேவிட்டேன். பெரியப்பத்தா சிரிக்கவில்லை. "சொத்தப் பிரிச்சா கொறையும். இது கொறையாது" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அதன்பின் மூன்று வாரம் கடந்துதான் பல்லாங்குழிப் பேச்சு வந்தது.

என் தம்பிக்கு வரப்போகிறவள் யாரோ. அவள் எங்கே படித்து எந்த ஊரில் வேலை பார்ப்பாளோ. மாமியாரிடம் அடுப்படியில் நின்று பாடம் கேட்க அவளுக்கு நேரம் இருக்குமா, விருப்பம் இருக்குமா, இருக்கத்தான் வேண்டுமா என்பவை எனக்குத் தீராத கேள்விகள். வாய்வழி வந்த இந்தச் சங்கிலி மருமகளை நம்பி இருந்தது. மகளை நம்ப அதற்குப் பழக்கமில்லை. ஆகவேதான் எழுதி வைக்கலாம் என்று தோன்றி, மலரில் அச்சிடலாமா என்று கேட்டேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். குலுக்கையையும் எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அதத்தான் எழுதணும்" என்றார். பெயரை மட்டும் எழுதக் கூடாது.

ஏன் என்றேன்.

"பேரு பொஸ்தகத்துல வந்தா ஊர்ல உள்ளவுக எல்லாங் கும்புடுவாக. ஊரே கும்புட்டா அவ நம்ம வீட்டுப் புள்ளையா எப்படி இருப்பா?"

ஆய்வு முறைப்படி தகவலாளர் வேண்டுகோளை மதிக்க வேண்டும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். ஆகவே அப்பெயர் என் குறிப்பேட்டிலும் இல்லை. எனக்குத் தெரியும், அது போதும் என்றார்.

இந்த மாசியில் பெட்டிக்குத் துணி எடுக்க அவர் அனுப்பியது என்னை. அளவு என்ன என்று கேட்டதற்கு, தம் சுருக்குப் பையிலிருந்து இரண்டு முடிச்சிட்ட ஒரு பழைய நூலை எடுத்துக் கொடுத்தார். முதல் முடிச்சு வரை இடுப்பு; இரண்டாவது வரை நீளம். கடைத்தெருவில் துணிக்கடைக்காரரிடம் நூலைக் கொடுத்தேன். விரித்து அளந்து பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு எத்தனை வயசும்மா?" என்றார். பன்னிரண்டு என்றேன். பச்சைப் பாவாடையும் மஞ்சள் சட்டையும் எடுத்துக்கொடுத்தார். பெரியப்பத்தா அவற்றை மடியில் விரித்துக் கையால் தடவிப் பார்த்தார். இடுப்பு ஒரு விரற்கடை கூடுதல், நாடாவை இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, ஏணியை எடுத்துவரச் சொன்னார்.